கோகோத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: காவிரிப் படுகையிலிருந்து ஒரு வழிகாட்டி

கோகோத் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. சாக்லேட் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் ஒரு வகை. தங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராக அதை வைக்கலாமா என்ற யோசனையோடு போகிறவர்கள் மற்றொரு வகை. இரு சாராரும் பெரும்பாலும் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் காயைப் படம் எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு, அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். காய் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தப் பயிரின் சூட்சுமம் எல்லாம் மரத்துக்கு மேலே இருக்கிற நிழலிலும், காயை உடைத்த பின் நடக்கிற இரண்டு வார வேலையிலுமே அடங்கியிருக்கிறது. அந்த இரண்டையும் தவறவிடாமல் பார்த்து வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன். வரலாற்றைத் தனியாகப் படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. தோப்பில் நடந்துகொண்டே அதையும் பார்த்துவிடலாம்.

எங்கே, எப்போது, யாரிடம்

டெல்டா என்றவுடன் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் களிமண் வயல்களுக்கு நடுவே கோகோவைத் தேட வேண்டாம். வேரடியில் தண்ணீர் தேங்கினால் இம்மரம் தாங்காது. நெல்லுக்கு உகந்த நிலம் இதற்கு ஆகாது. கல்லணைக் கால்வாய் பாய்கிற புதிய டெல்டாவில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில், செம்மண்ணும் மணலும் கலந்த, தண்ணீர் வடிகிற நிலங்கள் இருக்கின்றன. தென்னை திரளாக நிற்பது அங்கேதான். தென்னையை அண்டியே கோகோவும் நிற்கிறது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைக்குப் பேருந்தில் போகலாம். திருவாரூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காரைக்குடி செல்லும் ரயில் பாதையில் பட்டுக்கோட்டை, பேராவூரணி இரண்டு ஊர்களுக்கும் நிலையம் உண்டு.

கோகோ ஆண்டு முழுவதும் பூக்கும், காய்க்கும். ஆயினும் தென்னிந்தியாவில் அறுவடை செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலும், மறுபடி ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் திரளுகிறது. முதல் பருவத்தின் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் விதை காய்வதைப் பார்க்க முடியாது. வாய்க்கால் கரையில் கால் வைக்கவே சேறாக இருக்கும். ஆனால் பயிரிடும் எண்ணத்தோடு போகிறவர் கட்டாயம் ஒருமுறை அந்த அடைமழைக் காலத்திலேயே போக வேண்டும் என்பேன். காயில் பழுப்புப் புள்ளியாகத் தொடங்கி, சில நாட்களில் முழுக் காயையும் கருக்கிவிடும் காயழுகல் நோயை அப்போதுதான் நேரில் காணலாம். மற்றவர்களுக்குப் பொங்கல் கழிந்த நாட்கள் தோதானவை: வெயில் கடுமையாக இராது, மரத்தில் கடைசிக் காய்கள் நிற்கும், களத்தில் விதை காய்ந்துகொண்டிருக்கும்.

இவை பெரும்பாலும் குடும்பத்தார் சொந்தமாக நடத்தும் தோப்புகள் என்பதால் நுழைவுச்சீட்டையோ, சுற்றிக்காட்டுவதற்கென்று ஓர் ஆளையோ எதிர்பார்க்கக் கூடாது. தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அந்த வட்டாரத்துத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால், கோகோ வைத்திருக்கும் விவசாயிகள் யார் என்று தெரிந்துகொள்ளலாம். வேப்பங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமும் விசாரிக்கத் தக்க இடம். தோப்புக்காரரிடம் தொலைபேசியில் பேசும்போது, “ஐயா, அடுத்து காய் உடைக்கிறது என்னைக்குங்க? அன்னைக்கே வர்றோம்” என்று கேட்பது நல்லது. அதோடு, விதையை ஈரமாகவே விற்றுவிடுகிறாரா, தாமே நொதிக்க வைத்துக் காய வைக்கிறாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். உடைத்த அன்றே ஈர விதையைக் கொள்முதல்காரரிடம் கொடுத்துவிடுகிற தோப்பில் பாதிக் கதைதான் பார்க்கக் கிடைக்கும்.

செருப்பு வேண்டாம், மூடிய காலணி வேண்டும். கோகோ இலை பெரியது, மெதுவாகத்தான் மக்கும். தரை முழுவதும் கணுக்கால் அளவுக்குச் சருகு கிடக்கும், அதற்கடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. தென்னைக்கு நேர் கீழே நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்பதை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்

தோப்புக்குள் நுழைந்ததும் காயைத் தேடாமல் மேலே பாருங்கள். எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. கோகோ, மேல் அமேசான் காடுகளில் பெருமரங்களுக்கு அடியில் வளர்ந்த சிறுமரம். இன்றைய ஈக்வடாரின் தென்கிழக்கில், சாந்தா அனா–லா புளோரிடா என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த பாண்டங்களில், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கோகோவைப் பயன்படுத்தியதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காட்டு நிழலைப் பட்டுக்கோட்டையில் தென்னை தருகிறது. 25 அடிக்கு ஒன்றாக நடப்பட்ட, நெடுக வளர்ந்த தென்னைகளின் மட்டைகளுக்கிடையே வெயில் சிதறி இறங்குகிறது. தென்னை வேர்களில் பெரும்பகுதி தூரைச் சுற்றியே இருப்பதால், இரண்டு தென்னைகளுக்கு நடுவே கிடக்கும் மண்ணைக் கோகோ எடுத்துக்கொள்கிறது. தென்னை இளையதாக இருந்தால் மட்டைகள் தாழ்வாகக் கவிந்து வெளிச்சத்தை அடைத்துவிடும். எந்த வயதுத் தென்னைக்குக் கீழே கோகோ செழித்திருக்கிறது, எங்கே மெலிந்து நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தன் தோப்பில் வைக்க நினைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

இந்த வட்டாரத்தில் நிழல் ஒரே இரவில் போனதும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்தது. விழுந்த தென்னை அடியில் நின்ற பயிரையும் நசுக்கும். தப்பிய கோகோவும் நிழலின்றி நேர்வெயிலில் நிற்க வேண்டும். அதைப் பற்றித் தோப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் அவராகப் பேச்செடுத்த பிறகு கேளுங்கள். அந்த ஆண்டை எல்லோரும் எளிதாகப் பேசிவிடுவதில்லை. கோகோவின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. கரீபியக் கடலின் டிரினிடாட் தீவில் 1727இல் கோகோத் தோட்டங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. சூறாவளியா, நோயா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பின்னர் தென்னமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வேறு இனத்து விதைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். அவை எஞ்சிநின்ற பழைய மரங்களோடு கலந்து உருவான வகைக்கே டிரினிடாரியோ என்று பெயர்.

அடுத்து மரத்தின் உயரத்தைக் கவனியுங்கள். விட்டால் கோகோ 20 அடிக்கு மேல் போய்விடும். பராமரிக்கப்படும் மரம், நெஞ்சளவு அல்லது தலையளவு உயரத்தில் நாலைந்து கிளைகளாக விரிந்து, குடை வடிவில் கவாத்து செய்யப்பட்டு, கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். அடிமரத்திலிருந்து நேர்செங்குத்தாக மேலே ஓடும் போத்துகளை அவ்வப்போது ஒடித்துவிட வேண்டும். ஒரு தோப்பு நன்றாக நடக்கிறதா, பேருக்கு நிற்கிறதா என்பதை அந்தப் போத்துகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நம் மாநிலத்துக்கும் இந்த மரத்துக்கும் உள்ள உறவு பழையது. ஸ்பானியர்கள் 17ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து கப்பல் வழியாகப் பிலிப்பைன்சுக்குக் கொண்டுவந்த கோகோ, தென்கிழக்காசியத் தீவுகளில் பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798இல் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டதே இந்தியாவில் கோகோவின் தொடக்கம். அங்கிருந்து அது பெரிய பயிராகவில்லை. 1960களில் வயநாட்டில் சாக்லேட் நிறுவனம் மாதிரித் தோட்டம் அமைத்து, கேரள, கர்நாடகப் பாக்கு, தென்னைத் தோப்புகளில் கன்று பரப்பிய பிறகுதான் கோகோ இந்தியாவில் வணிகப் பயிராயிற்று. இன்று ஆந்திரத்தின் கோதாவரிப் படுகைத் தென்னந்தோப்புகள் உற்பத்தியில் முன்னணியில் நிற்கின்றன. ஒரு டெல்டாவில் முடிந்தது இன்னொரு டெல்டாவிலும் முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்தே வருகிறது. ஆனால் நம் ஊரில் மழை ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதால், மீதி மாதங்களுக்குச் சொட்டுநீர் இல்லாமல் நடக்காது.

பூவும் காயும்

பூவைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். கிளை நுனியில் பூக்கிற மரம் இல்லை இது. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் உள்ள சிறு முண்டுகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சுண்டுவிரல் நகத்தளவு வெள்ளைப் பூ, உட்புறம் சிவந்த கோடுகள். ஓராண்டில் ஒரு மரம் ஆயிரக்கணக்கில் பூத்தாலும், நூற்றுக்கு ஐந்துகூடக் காயாவதில்லை. மகரந்தத்தைக் கொண்டுபோவது தேனீ அல்ல, கண்ணுக்குச் சட்டென்று தென்படாத ஒரு சிறு ஈ. அது அழுகும் இலைச் சருகிலும், வெட்டிப் போட்ட வாழைத்தண்டிலும், உடைத்தெறிந்த கோகோத் தோட்டிலும் முட்டையிட்டுப் பெருகுகிறது. ஆகவே தோப்பைக் கூட்டிப் பெருக்கிக் கோயில் பிராகாரமாக வைத்திருப்பவருக்குக் காய் குறையலாம். நோய் தாக்கிய காய்களை மட்டும் அவ்வப்போது பொறுக்கி அப்புறப்படுத்திவிட வேண்டும். எதை விடுவது, எதை அகற்றுவது என்ற அந்தக் கணக்கைத் தோப்புக்காரரிடம் கேட்டறிவது நல்லது.

பூ காயாகிப் பழுக்க ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். பச்சைக் காய் மஞ்சளாகும், சிவப்புக் காய் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். கையால் முறுக்கிப் பறிக்க ஆசைப்படாதீர்கள்: காம்போடு முண்டும் பிய்ந்து வந்தால் அந்த இடத்தில் இனிப் பூ வராது. கத்தியால் காம்பை நறுக்கித்தான் எடுக்க வேண்டும், அதையும் தோப்புக்காரர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். துளை விழுந்து உள்ளே காலியாகத் தொங்கும் காய்களைக் கண்டால் அணிலோ எலியோ முந்திக்கொண்டது என்று பொருள். சதையை மட்டும் தின்றுவிட்டு விதையை உமிழ்ந்துவிடுவதால், மரத்தடியில் ஈரம் மாறாத விதைகள் சிதறிக் கிடக்கும்.

உடைத்த காயினுள் 30 முதல் 45 விதைகள் வெள்ளைச் சதை போர்த்து வரிசையாக ஒட்டியிருக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சப்பிப் பாருங்கள். புளிப்பேறிய சீத்தாப்பழத்தைப் போலிருக்கும். கடிக்க வேண்டாம், கசந்துவிடும். சதை போன பிறகு விதையை நகத்தால் கிள்ளியோ கத்தியால் நறுக்கியோ உட்புறத்தைக் காண வேண்டும். ஊதாவாக இருந்தால் அது பொரஸ்டெரோ இனம். நம் நாட்டில் பயிராவது பெரும்பாலும் இதுவே. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளின் பழங்குடிகளான மாயர்களும் அஸ்டெக்குகளும் குடித்தது உட்புறம் வெளிறிய கிரியோல்லோ. மணத்தில் உயர்ந்தது, நோயில் தளர்ந்தது.

அந்த நாட்களில் இந்த விதை காசாகவும் புழங்கியது. மெக்சிகோவின் திலாஷ்காலாவில் 1545இல் எழுதப்பட்ட ஒரு விலைப்பட்டியல், நல்ல பெட்டை வான்கோழி ஒன்றுக்கு 100 கோகோ விதை, அப்போது பறித்த அவகேடோ ஒன்றுக்கு 3 விதை என்கிறது. கள்ளக்காசும் உண்டு: தோலுக்குள் மண்ணை அடைத்து விதையென்று தள்ளிவிட்டவர்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன.

உடைத்த பிறகு

நான் மிகுதியாக வற்புறுத்துவது இந்தப் பகுதியைத்தான். பறித்த காயை இரண்டு மூன்று நாள் நிழலில் குவித்து வைத்து, பிறகு மரக்கட்டையால் தட்டியோ கல்லில் மோதியோ உடைக்கிறார்கள். அரிவாளால் பிளந்தால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் விதையில் வெட்டு விழுந்து பூஞ்சணம் ஏறும். நடுநரம்பை உருவிக் களைந்துவிட்டு, சதையோடு கூடிய விதையை மூங்கில் கூடையிலோ மரப்பெட்டியிலோ குவித்து, வாழை இலையால் மூடி, மேலே சாக்கைப் போட்டுவிடுகிறார்கள். பெட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கரைந்து வடியும் சதைநீர் வெளியேற வழியில்லாவிட்டால் குவியல் அழுகும்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் மூடியைத் தூக்கினால் கள் வாடை அடிக்கும். காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஈஸ்ட், சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் குவியலைக் கிளறி மேலதைக் கீழாகப் புரட்டுவார்கள், ஐந்தாம் நாள் மறுபடியும். காற்றுப் பட்டதும் வேறு நுண்ணுயிர்கள் சாராயத்தைக் காடியாக்கும். வாடை மூக்கில் ஏறும். குவியலின் சூடு 45 முதல் 50 டிகிரி வரை போகும். அனுமதி கேட்டுக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், அதிக நேரம் வைத்திருக்க முடியாது. இந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதையின் முளை செத்து, உள்ளறைகள் உடைந்து, கசப்பு தணிந்து, பிற்பாடு வறுக்கும்போது சாக்லேட் மணமாக வெளிப்படவேண்டியவை உருவாகின்றன. வறுத்துவிட்டால் மட்டும் அந்த மணம் வந்துவிடாது. ஐந்தாறு காய்களை வாங்கிவந்து வீட்டில் முயல்கிறவர்களுக்கு மணம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே: குவியல் சிறியதானால் சூடு ஏறாது.

ஆறாம் நாள் வாக்கில் விதை களத்துக்குப் போகிறது. நல்ல வெயிலில் ஒரு வாரம் கிளறிக் கிளறிக் காய்ந்து, ஈரம் 6, 7 சதவீதத்துக்கு வந்ததும், ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்கினால் தோல் நொறுங்கும் சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் பொறுமையிழந்து விறகுப்புகையில் உலர்த்தினால் புகைவாடை விதையின் கொழுப்பில் ஏறிவிடும்; எந்த ஆலையும் அதைப் பிறகு நீக்கித் தர முடியாது. காய்ந்த விதையில் பத்தை எடுத்து நெடுக்காக நறுக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே பழுப்பாகி, வெடிப்பு விழுந்திருந்தால் நன்றாக நொதித்தது. ஊதா மாறாதிருந்தால் அரைகுறை. சிலேட்டு நிறத்தில் கெட்டியாக இருந்தால் நொதிக்கவே இல்லை. கொள்முதல்காரரும் இப்படித்தான் தரம் பிரிக்கிறார்.

இதற்கு மேல் நடப்பது ஆலை வேலை. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும், 1847இல் இங்கிலாந்தின் பிரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட்டை வார்த்ததும், 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்ததும் ஐரோப்பாவில் நடந்தவை. அதுவரை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கோகோ பெரும்பாலும் குடிக்கும் பொருளாகவே இருந்தது. பதப்படுத்தும் தொழிலில் நாட்டமுள்ளவர்கள் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம்.

விலையைப் பற்றிப் பேசும்போது

விலை கேட்பது தவறில்லை. ஆனால் இன்றைய விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். 1980களின் தொடக்கத்தில் சந்தை சரிந்தபோது கேரளத்திலும் கர்நாடகத்திலும் பலர் மரத்தையே வெட்டினார்கள். மங்களூரின் காம்ப்கோ கூட்டுறவு கொள்முதலில் இறங்கி, 1986இல் புத்தூரில் சொந்த ஆலை தொடங்கியது அந்த நெருக்கடியின் விளைவு. உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருவதால், அங்கே நோயும் மழைக்கேடும் வந்த 2024இல் நியூயார்க் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. கேரளத்தில் உலர்விதை கிலோ ஆயிரம் ரூபாயைக் கண்டது. பின்பு இறங்கியும் விட்டது.

ஆப்பிரிக்காவுக்கு இப்பயிர் போனதே 1822இல், பிரேசிலிலிருந்து பிரின்சிபே தீவுக்கு. அருகிலுள்ள சாவோ தோமேயில் அடிமைமுறைக்கு ஒப்பான கூலிமுறையில் தோட்டங்கள் நடந்ததால், 1909இல் இங்கிலாந்தின் சாக்லேட் நிறுவனங்கள் அங்கே வாங்குவதை நிறுத்தின. அதே காலத்தில் கானாவில், 1879இல் டெட்டே குவார்ஷி கொண்டுவந்த விதையிலிருந்து பெருகிய கோகோவைச் சிறு விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் நட்டு, 1911இல் நாட்டை உலகின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றிரண்டு ஏக்கர் தென்னைக்காரர் தன் தோப்பில் கோகோ வைக்கலாமா என்று யோசிக்கும்போது நினைவில் கொள்ளத்தக்க உதாரணம் இது. கணக்கு எளியது: ஒரு காயில் 40 விதை, உலர்ந்த விதை ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம் என்றால், ஒரு கிலோவுக்கு 25 காய் உடைக்க வேண்டும். உடைக்கும் கூலி என்ன என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எடுத்துவர விரும்பினால்

பிள்ளைகள் விதை கேட்பார்கள். காய்ந்த விதை முளைக்காது, நொதித்ததும் முளைக்காது. பழுத்த காயைக் காசு கொடுத்து வாங்கி, உடைக்காமல் கொண்டுவந்து, வீட்டுக்கு வந்தவுடன் உடைத்து, சதையைச் சாம்பலில் தேய்த்து நீக்கி, அன்றோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் முளைப்புத்திறன் போய்விடும். ஒரே கன்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பல கோகோ மரங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. வெவ்வேறு மரத்துக் காய்களிலிருந்து முளைத்த மூன்று நான்கு கன்றுகளாவது அருகருகே நின்றால்தான் காய்க்கும் வாய்ப்பு அதிகம். கொல்லையில் வாழை நிழல் இருந்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு அது போதும். மழைத்தண்ணீர் தேங்கும் மூலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.